காட்சியும் கல்வியும்: பல்கலைக்கழக அருங்காட்சியகம் பற்றிய ஒரு நோக்கு

அருங்காட்சியகத்தை ஈழத்துத் தமிழர் நெடுங்காலமாக ‘நூதனசாலை’ என வழங்கி வந்துள்ளனர். நூதனம் வியத்தற்குரியது, விளங்கிக்கொள்வதற்குரியதென எவரும் அதனைக் கருதுவதில்லை. பெயரிற் பொதிந்துள்ள இம்மனப்பாங்கு நமது பல்கலைக்கழகச் சேகரிப்புகளையும் பற்றியுள்ளதா என்பது ஆராயத்தக்கது.

1974 இல் வளாகமாகத் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், 1980 இல் ஆனைக்கோட்டை அகழாய்வின் மூலம் குடாநாட்டின் பெருங்கற்காலப் பண்பாட்டிற்குச் சான்று தேடித் தந்தது. அங்குக் கிடைத்த பிராமி எழுத்து முத்திரை அறிவுலகிற்குப் பெருங்கொடையாகும். எனினும், பொதுமக்களிடையே அது பெரிதும் தொன்மைப் பெருமிதத்தின் சின்னமாகவே பேசப்படலாயிற்று. அதனை ஆக்கிய கை எத்தகையது, உடையவர் சமூகத்தில் எந்நிலையினர், அக்கால மட்கலங்களை வனைந்தோர் யாவர் என்னும் வினாக்கள் ஆய்வரங்குகளைத் தாண்டி வெகுதூரம் செல்லவில்லை.

1917 முதல் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்திற் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, கலைப்பொருள் அழகுநுகர்ச்சிக்கு மட்டும் உரியதன்று என்றும், அது எத்தேவைக்காக ஆக்கப்பட்டதென உணர்த்துவதே காட்சியகத்தின் கல்விப்பணி என்றும் வலியுறுத்தினார். மரபுவழிச் சமூக ஒழுங்கை இலட்சியமாக்கிய அவரது நோக்கினை நாம் ஏற்றல் இயலாது. ஆயின், அவர் எழுப்பிய வினா நமக்கு இன்றியமையாதது. சாதியமைப்பு இறுகியிருந்த இக்குடாநாட்டிலே தேரையும் வாகனத்தையும் செதுக்கிய தச்சரின் பெயர் மறைய, உபயகாரரின் பெயரே கல்லில் நிலைபெற்றது. கலைப்பொருளின் அருகே எழுதப்படும் விளக்கக் குறிப்பு இவ்வநீதியை மீளவும் எழுதுவதா, அன்றித் திருத்துவதா என்பதே கேள்வி.

பொருளைப் பேணிவைத்தல் மட்டும் போதும் என்பாரும் உளர். 1981 யூன் 1 ஆம் நாள் இரவோடிரவாக எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, வீடுகளிலிருந்த ஓவியங்களையும் ஏடுகளையும் காவலற்றனவாக்கிற்று. பூட்டிய அறை பாதுகாப்பன்று என்பதை வரலாறு நமக்குக் கற்பித்துள்ளது. மக்களின் அறிவிற் பதிந்தவையே அழிவைக் கடந்து நிற்கும்.

எனவே, பிரதிகளும் நிழற்படங்களும் கிராமத்துப் பாடசாலைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் செல்லவேண்டும். மாணவர் அங்குச் சென்று விளக்குவதோடு, கைவினைஞரிடம் கற்கவும் வேண்டும். மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கி 1975 இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் மரபும், ஓவியர் மாற்கு (1933–2000) போன்றோரின் ஆக்கங்களும் இப்பணியில் இடம்பெறல் வேண்டும். இவற்றைப் புறக்கணித்து எழுப்பப்படும் காட்சியகம் எத்துணை வனப்புடையதாயினும் நூதனசாலையாகவே எஞ்சும்.