இலக்கணப் போலி: கள்ளக் கடிகாரங்களைத் திருத்துவோர் குறித்து

'பிரதி' என்ற சொல்லை நாம் ரொம்ப காலமாக ஒரே அர்த்தத்தில் புழங்கி வருகிறோம். எண்பதுகளில் 'படைப்பு' என்பதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினோம். வெளியே, ஜெராக்ஸ் கடையில், தாலுகா ஆபீசில், பிரதி என்றால் இன்னமும் நகல்தான். ஒரே சொல்லுக்குள் மூலமும் நகலும் சேர்ந்து குடியிருக்கும் இந்த வசதி நம்மிடம் இருந்தும் அதை வைத்து நாம் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. பார்த்தை மொழிபெயர்த்ததோடு சரி. ரோலெக்ஸ், ஒமேகா போன்ற ஆடம்பரக் கடிகாரங்களின் கள்ள நகல்களை வாங்கி, பிரித்து, பழுது பார்த்து, மாற்றியமைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களைப் பற்றி யோசித்தபோதுதான் இது உறைத்தது.

இவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆண்கள். சம்பளம் வாங்குகிற வர்க்கம். சரக்கு வருவது சீனாவிலிருந்து. குவாங்சோ ரயில் நிலையத்தை ஒட்டிய ஜான்சி சாலை இந்த வியாபாரத்துக்குப் பேர் போனது. வழக்கமாகக் கள்ள வாட்ச் வாங்குகிறவன் அதைக் கையில் கட்டி நாலு பேருக்குக் காட்டுவான். இந்த ஆசாமிகள் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் வாட்சின் பின்மூடியைத் திருகிக் கழற்றுகிறார்கள்.

உள்ளே இருப்பது பல சமயம் சுவிஸ் 'ஈட்டா 2824' என்ற மிஷினின் சீனப் பதிப்பு. மணிக்கு 28,800 துடிப்பு. நம்மூர் வாட்ச் ரிப்பேர்க்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்: சில கற்களில் எண்ணெயே இல்லை, சிலவற்றில் வழிகிறது. டயலுக்கு அடியில் உலோகத் துகள், துணி நூல், சில நேரம் யாரோ ஒருவரின் கைரேகை. இதையெல்லாம் பிரித்துப் போட்டு, கழுவி, ஒவ்வொரு இடத்துக்கும் உரிய எண்ணெயை ஊசி முனையில் எடுத்து வைத்து, திரும்பப் பூட்டுகிறார்கள். பிறகு துடிப்பைக் கேட்டு அளக்கிற கருவியில் வைக்கிறார்கள். பேலன்ஸ் வீலின் வீச்சு 200 பாகையில் தள்ளாடிக்கொண்டிருந்தது 270, 280க்கு ஏறும். டயலில் '300 மீட்டர் ஆழம்' என்று அச்சிட்டிருப்பது வெறும் எழுத்து. ரப்பர் வளையத்தை மாற்றி, கிரீஸ் தடவி, அழுத்தச் சோதனையில் வைத்து அந்தப் பொய்யை ஓரளவு மெய்யாக்குகிறார்கள்.

இது ஒரு வேலை. இன்னொரு வேலையும் உண்டு. அது எனக்குச் சங்கடம் தருவது. தேதி எண்ணின் எழுத்துரு அசலோடு ஒத்துப்போகவில்லை என்று தேதித் தட்டை மாற்றுகிறார்கள். கண்ணாடியில் ஆறு மணிக்கு நேரே லேசரால் பொறித்த, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய கிரீடம் அசலை விடக் கொஞ்சம் துலக்கமாகத் தெரிகிறது என்று விசனப்படுகிறார்கள். நகலைத் தடுக்க வைத்த அடையாளமே நகலில் முதலில் இடம் பிடித்துவிட்டது என்பது தனி வேடிக்கை.

ரோலெக்ஸ் டேடோனாவின் கதை இன்னும் விசேஷம். 2000இல் வந்த மாதிரியில் விநாடிச் சிறுமுள் ஆறு மணிப் பக்கம் இருக்கிறது. நகல்காரர்கள் கைவசம் இருந்ததோ வால்ஜூ 7750 என்ற மிஷினின் பதிப்பு. அதில் விநாடி முள் ஒன்பது மணிப் பக்கம். என்ன செய்தார்கள்? கூடுதலாகப் பல்சக்கரங்களைச் செருகி, ஓட்டத்தை ஒன்பதிலிருந்து ஆறுக்கு இழுத்து வந்தார்கள். முகம் ஒத்துப்போயிற்று; மிஷின் கெட்டது. சிக்கிக்கொண்டு நிற்பதற்கு அந்த மாதிரி பேர் போனது. பின்னாளில் அசல் மிஷினையே நகலெடுத்தார்கள், அது வேறு விஷயம். முகத்தின் விசுவாசத்துக்காகக் குடலை முறுக்கிக்கொள்ளும் இந்தக் காரியத்தை நம் நவீன கவிதையிலும் கொஞ்சம் பார்த்திருக்கிறோம்.

நன்னூலில் போலி என்பது இழிசொல் அல்ல. அறம் என்பது அறன் என்று வந்தாலும் பொருள் மாறாது. எழுத்து மட்டும் மாறி உட்காரும். அதே நூல் இயல்பு வழக்கை மூன்றாகப் பிரிக்கும்போது இலக்கணமுடையதற்கு அடுத்தபடியாக இலக்கணப் போலியை வைக்கிறது. 'இல்முன்' என்றிருக்க வேண்டியது 'முன்றில்' என்று தலைகீழாக நிற்கிறது, எல்லாரும் சொல்கிறார்கள், ஆகவே செல்லும். வழக்கு ஏற்றுக்கொண்டால் போலிக்கும் குடியுரிமை உண்டு என்ற நிலைப்பாடு இது. வணிகச் சின்னச் சட்டம் இப்படி இயங்குவதில்லை. 2824இன் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த மிஷினைச் சீனத்தில் யார் வேண்டுமானாலும் அப்படியே செய்து விற்கலாம், செய்கிறார்கள், யோக்கியமான கம்பெனிகளும் வாங்கிப் பூட்டுகின்றன. சக்கரம், வில், கல் எல்லாவற்றையும் நகலெடுப்பது குற்றமில்லை. டயலில் ஐந்தெழுத்துப் பெயரை அச்சிடுவதுதான் குற்றம். ஆசிரியன் செத்துவிட்டான் என்று பார்த் 1967இல் எழுதினார். வாட்ச் டயலில் அவன் பூரண ஆரோக்கியத்தோடு இருக்கிறான்.

2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பறிமுதல் செய்த சுமார் 7,000 கள்ள ரோலெக்ஸ்களை ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் 7,000 மிஷின்கள். பெயரை மட்டும் சுரண்டிவிட்டு யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி அதிகாரத்துக்குத் தோன்றாது. அது நடத்துவது ஒரு சடங்கு.

சரி, அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது? மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைப் பிரிவினையை விளக்கக் கடிகாரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். வில் செய்பவர், டயல் செய்பவர், முள் செய்பவர், கல் பதிப்பவர், கூடு செய்பவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சிதறிக் கிடந்த இத்தனை கைகளின் உழைப்பைக் கடைசியில் ஒருவர் சேர்த்துப் பூட்டினார். டயலில் பெயர் இந்தக் கைகளில் யாருடையதும் அல்ல, வணிகருடையது. அதோடு இந்த 'அசல்' தேசத்தின் பழங்கதையையும் கொஞ்சம் கிளற வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் என்று பொய்க் கையெழுத்திட்ட கடிகாரங்கள் சுவிஸ் பட்டறைகளில் தயாராயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வால்தம் கடிகாரங்களைப் போலவே, ஓசையில் ஒத்த பெயர்களோடு செய்து அனுப்பினார்கள். இன்று சுவிஸ் தயாரிப்பு என்று போட்டுக்கொள்ள, 2017 முதல் அமலில் உள்ள விதிப்படி, உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அங்கே ஆகியிருக்க வேண்டும். மீதி 40க்கு டயலில் இடமில்லை.

ஜெனிவாவில் 2021இல் ஏலம் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1957ஆம் வருஷத்து மாதிரி. பழுப்பேறிய டயல். 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போயிற்று. எடுத்தது ஒமேகாவேதான், தன் மியூசியத்துக்காக. 2023இல் அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய ஒட்டுருப்படி என்று வெளிவந்தது. தன்னுடைய முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கிருந்ததாகக் கம்பெனியே சொன்னது. அசலுக்குச் சான்றிதழ் வழங்கும் இடத்தினாலேயே தன் அசலை அடையாளம் காண முடியவில்லை.

இதே காரியம் பம்பாயில் நடந்தால் கதை வேறு. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனி 1961இல் ஜப்பானிய சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது, 2016இல் மூடப்பட்டது. அதன் ஜனதா, பைலட் வாட்ச்களும் பழைய சீக்கோ 5களும் பம்பாய்ப் பட்டறைகளில் புது டயல் பூசப்பட்டு, கிடைத்த பாகங்களைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போகின்றன. மேற்கத்திய சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வசவுச் சொல். பழையதை அசல் என்று சொல்லி விற்கும் மோசடி இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பியப் பட்டறையில் டயலுக்குப் புது வர்ணம் பூசினால் புனரமைப்பு, பம்பாயில் பூசினால் ஃபிராடு என்ற பாகுபாடு டயலைப் பார்த்து வருவதில்லை. கையைப் பார்த்து வருவது. யாருடைய கை தொட்டால் தீட்டு என்பது நமக்குப் புதிய பாடமும் அல்ல.

நம் நண்பர்கள் சிலர் இந்த இடத்தில் உற்சாகமாகிவிடக்கூடும். போலி அசலைக் கவிழ்க்கிறது, நகல் மையத்தைச் சிதறடிக்கிறது என்று. எனக்கு அதில் சம்மதமில்லை. தேதி எண்ணின் வளைவு ஒத்துப்போக இரண்டு ராத்திரி தூங்காதவன் கலகக்காரன் அல்ல, பரம பக்தன். கோயிலுக்குள் போக வசதியில்லாதவன் வீட்டில் அதே விக்கிரகத்தைச் செய்து வைத்துக் கும்பிடுகிறான், அவ்வளவுதான். கம்பெனிக்குச் சம்பளமில்லாமல் அதன் தெய்வீகத்தைப் பரிபாலிக்கிறான். அந்தக் கைரேகைக்குரியவரை, ஷென்ஜனிலோ குவாங்சோவிலோ மிஷின் பூட்டியவரை, அவன் ஒரு தரக்குறைபாடாகத்தான் பார்க்கிறான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுகிறான். அந்தத் தொழிலாளிக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்பது அவனுடைய அளவைக் கருவியில் பதிவாவதில்லை. கள்ளச் சரக்கு என்பதால் அங்கே கேட்க நாதியும் இருக்காது.

ஆனாலும் அந்தத் திறந்த பின்மூடியை நான் தள்ளிவிடத் தயாராயில்லை. அசல் வாங்கியவன் அதைத் திறக்க மாட்டான். திறந்தால் உத்தரவாதம் போகும். ஸ்வாட்ச் குழுமம் 2015இன் கடைசியோடு வெளி மொத்த வியாபாரிகளுக்கு உதிரி பாகம் தருவதை நிறுத்தியது. தனியாகக் கடை வைத்திருக்கிற ஐரோப்பிய ரிப்பேர்க்காரர் தெரிந்த வேலையைச் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவருக்கும் அதன் உள்ளே உரிமை கிடையாது. கள்ள வாட்ச்காரனோ தப்புப் பண்ணத் தப்புப் பண்ண, பத்துப் பேலன்ஸ் வீலை வளைத்து, பதினோராவதில் கற்றுக்கொள்கிறான். இது தொழிலாளியின் அறிவு. குருவிடம் பல வருஷம் இருந்து பெற்றது, இப்போது போலியின் உபயத்தில் கசிகிறது. அப்படிக் கற்றவர்களில் சிலர் பிறகு பழைய சீக்கோக்களைப் பழுது பார்க்கப் போகிறார்கள். அங்கே யாருடைய பெயரையும் திருடத் தேவையில்லை.

பெயரே இல்லாத டயல்களும் கிடைக்கின்றன. அதே கூடு, அதே முள், அதே மிஷின். எழுத்து இருந்த இடம் மட்டும் வெறும் கறுப்பு. அதை வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு அது குறைப்பட்டதாகத் தெரிகிறது.