கனம் எங்கிருந்து வருகிறது

பிளாக் சாபத் குழு 1970க்கும் 1978க்கும் இடையே, ஆஸி ஆஸ்போர்ன் பாட, வெளியிட்ட எட்டு இசைத்தட்டுகளையும் வரிசையாக மறுபடி கேட்டேன். 2025 ஜூலையில் அவர் இறந்தார். இரங்கல் வேறு, மதிப்பீடு வேறு.

முதலிடம் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'க்கு (1971). கிதார்க்காரர் டோனி ஐயோமி பர்மிங்ஹாமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர். இடக்கை வாசிப்பாளரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டார். இந்தத் தட்டின் பல பாடல்களில் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தியிருக்கிறார். விரல் தேடிய சௌகரியம் ஓர் இசை வகையின் குரலாகிவிட்டது.

இரண்டாவது, அநேகமாக ஒரே நாளில் பதிவான முதல் தட்டு (1970). திருத்த அவகாசமில்லாத பதற்றம் அதன் பலம். மூன்றாவது 'சபோடாஜ்' (1975). வழக்குகளுக்கு நடுவே உருவானது, கோபம் நிஜமானது. 'பாரனாய்ட்' (1970) நான்காவதுதான். இடம் நிரப்பக் கடைசி நேரத்தில் செய்த தலைப்புப் பாட்டின் புகழ் மற்றவற்றை மறைக்கிறது. 'வால்யூம் 4'ம் (1972) 1973ன் தட்டும் அடுத்து வரும்.

கடைசி இடங்கள் 'டெக்னிகல் எக்ஸ்டஸி' (1976), 'நெவர் சே டை' (1978) இரண்டுக்கும். இவற்றில் வசதி இருக்கிறது, திறமையும் இருக்கிறது; நிர்ப்பந்தம் இல்லை.

கனத்த சொற்களை அடுக்கினால் கவிதை கனத்துவிடும் என்று நம்புகிறவர்கள் முதல் தட்டையும் கடைசித் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.