மூக்கைத் தூக்கினால் வேகம் வருமா?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தடம் வருவதற்கு முன்பு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடத்திவந்தது. ஓடுதளமே ஆனாலும் வளைவுகளை வகுத்துத்தான் ஓட்டினார்கள். அதனால் வண்டியைத் தாழ்த்துவது, ஸ்பிரிங்கை இறுக்குவது, வளைவில் சாயாமல் பார்த்துக்கொள்வது என்பதே பந்தயப் பட்டறையின் பாடம். டிராக் (drag) பந்தயத்துக்கு இந்தப் பாடம் உதவாது. அங்கே 402 மீட்டர் நேர்கோடு மட்டும். புறப்படும் நொடியில் பின்சக்கரம் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது.

தினசரி ஓட்டும் பழைய காரை எப்போதாவது டிராக் பந்தயத்துக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்கள் முதலில் செய்வது, முன்பக்கத்தைத் தளர்த்துவது. மென்மையான ஸ்பிரிங் போடுவார்கள். ஆன்டி-ரோல் பாரைக் கழற்றுவார்கள். சுலபமாக நீண்டு, மெல்ல அமுங்கும் ஷாக் அப்சார்பர் மாட்டுவார்கள். கிளட்சை விட்டதும் மூக்கு எழும்பும், எடை பின்னால் போகும், டயர் பிடிக்கும் என்பது கணக்கு. அமெரிக்க வி8 கார்களிலிருந்து வந்த இந்த வழக்கத்தை நம் கார்களில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

1200 கிலோ எடையுள்ள ஒரு கான்டெஸாவை எடுத்துக்கொள்வோம். வீல்பேஸ் 2.67 மீட்டர். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரம் என்று வைப்போம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு முடுக்கத்தோடு அது பாய்ந்தால், பின்னுக்கு மாறும் எடை ஏறக்குறைய 99 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. எடை, முடுக்கம், மைய உயரம், வீல்பேஸ் ஆகிய நான்கும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. மூக்கு எழும்பி மையம் 3 செ.மீ. உயர்ந்தால் 99 கிலோ 104 ஆகும். ஐந்து கிலோ! மூக்கு தூக்குவது எடை மாறியதன் விளைவு. பலர் அதையே காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். மென்மையான முன்பக்கம் எடை மாறும் நேரத்தைத்தான் மாற்றுகிறது. பெரிய முறுக்குவிசையும் அகலமான மென் டயரும் உள்ள காரில் அந்த நேரக்கணக்கு உண்மையிலேயே பயன் தரும். அம்பாசடரின் 1489 சிசி என்ஜினுக்கோ, கான்டெஸாவின் 1.8 லிட்டர் இசுசு என்ஜினுக்கோ அது பெரிதாக ஒன்றும் தராது.

பின்பக்கக் கதை வேறு. இந்த வழக்கத்தின் நிஜமான பலம் அங்கேதான் இருக்கிறது. அம்பாசடரிலும் பத்மினியிலும் பின் ஆக்சில் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. திடீரென்று விசை வந்தால் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும், பட்டை நெளியும், பிறகு விடுபட்டுத் துள்ளும். சக்கரம் தரையில் தடதடவென்று குதிக்கும். யூ-போல்ட் தளரும், புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் உடையும். ஆக்சிலுக்கு அடியில் ஒரு டிராக்‌ஷன் பாரை ஒழுங்காகப் பொருத்தினால் இந்த முறுக்கல் பெருமளவு அடங்கும், சாலையில் ஓட்டும்போதும் தொந்தரவு இருக்காது. செலவழிப்பதென்றால் இதற்கு முதலில் செலவழிக்கலாம். அதற்கும் முன்னால், நாற்பது வருடப் பழைய புஷ்களை மாற்றிவிட வேண்டும். நைந்த புஷ்ஷோடு எந்த அமைப்பும் வேலை செய்யாது.

இன்னொரு நுணுக்கம். புரொப்பல்லர் ஷாஃப்டின் திருகல் இந்தக் கார்களில் வலது பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். வீணாகச் சுழல்வது பெரும்பாலும் அந்தச் சக்கரம்தான். அமெரிக்காவில் அந்தப் பக்கம் காற்றுப்பை வைத்து அழுத்துகிறார்கள். நம் ஊரில் ஓட்டுநரே வலப்பக்கம் உட்காருவதால் அவருடைய எடையில் ஒரு பங்கு இலவசமாக அங்கே இறங்குகிறது.

பின்பக்கம் அமுங்கக் கூடாது என்று கூடுதல் பட்டை சேர்ப்பது மட்டும் வேண்டாம். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளுக்குச் சுமை ஏற்றும் லாரிக்கு அந்த வைத்தியம் சரி. காலியாக ஓடும் காருக்கு அது பிடிமானத்தைக் கெடுக்கும். மேட்டில் ஏறினால் சக்கரம் தரையைத் தொடவே மறுக்கும்.

முன்பக்கத்தைத் தளர்த்தியதற்கான விலை, கோட்டைக் கடந்த பிறகுதான் தெரியும். நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். பிரேக் மிதிக்க வேண்டும். மூக்கு குத்தும், பின்பக்கம் லேசாகும், பின்சக்கரம் இறுகி வழுக்கும். வீடு திரும்பும்போதும் விடாது. திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கனரக வண்டிகளுக்கு நடுவே போகும்போது, ஆன்டி-ரோல் பார் இல்லாத முன்பக்கம் ஒவ்வொரு விலகலுக்கும் தாமதமாகத்தான் பதில் சொல்லும். பாரைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், தடத்திலேயே கழற்றி, தடத்திலேயே மாட்டிவிடுங்கள். சாலைக்கும் பந்தயத்துக்கும் தனித்தனியாகத் திருகி வைக்கக்கூடிய ஷாக் அப்சார்பர்தான் உண்மையான சமரசம். சட்டமும் இந்தப் பக்கம்தான்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது, 189ஆம் பிரிவு பொதுச்சாலையில் பந்தயத்தைக் குற்றமாக்குகிறது.

எல்லாக் காருக்கும் ஒரே மருந்து என்று நினைப்பதே இந்த வழக்கத்தின் பெரிய குறை. மணவாள நகருக்குப் பக்கத்திலேயே, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் தயாரான மிட்சுபிஷி லான்சர் முன்சக்கரத்தால் ஓடுவது. பின்னுக்கு மாறும் ஒவ்வொரு கிலோவும் அதற்கு நஷ்டம். அதில் பின்பக்கத்தை இறுக்கி, மூக்கு எழாமல் பிடிக்க வேண்டும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை இந்த விளையாட்டிலேயே சேர்க்கக் கூடாது. அதன் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். அமுங்கினாலும் எழும்பினாலும் சக்கரம் சாயும். பாயும்போது டயரின் உள்விளிம்பு மட்டும் தரையில் நிற்கும். பின்பக்கத்தை உயர்த்தி வைத்தால் ஆபத்து இன்னும் அதிகம்: வேகத்தில் பிரேக் அடித்ததும் வால் எழும்பி, சக்கரங்கள் உள்ளே மடங்கும். அதே நிறுவனம் 1972இல் கொண்டுவந்த கெஸலில் இந்த ஆக்சிலை விட்டுவிட்டு, விறைப்பான ஒற்றை ஆக்சிலுக்கு மாறியது.