காணாமல் போகும் டிரைவ்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு சர்வீஸ் கடை. பக்க மூடி கழற்றிய புது மேசைக் கணினி பெஞ்சில் படுத்திருக்கிறது. பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 ஏறி, எந்த டிரைவில் போடுவது என்று கேட்கும் திரைவரை வந்தாயிற்று. பட்டியல் காலி. 512 ஜிபி எஸ்.எஸ்.டி. கண்ணெதிரே போர்டில் மாட்டியிருக்கிறது. பயாஸிலும் அதன் பெயர் தெரிகிறது. விண்டோஸுக்கு மட்டும் தெரியவில்லை. "மக்கா, அந்த வி.எம்.டிய ஆஃப் பண்ணிரு" என்கிறார் கடைக்காரர். பையன் பயாஸுக்குள் போகிறான். இரண்டு நிமிடத்தில் டிரைவ் வந்துவிடுகிறது.

இதைச் சோம்பேறி வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. முறைப்படி இன்டெல்லின் ஆர்.எஸ்.டி. டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ஏற்ற வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பல டிரைவ்களை ஒரே தொகுப்பாகக் கட்டவும், ஓடும்போதே டிரைவைக் கழற்றி மாட்டவும் சர்வர்களுக்கென்று வந்த ஏற்பாடு வி.எம்.டி. 11-ஆம் தலைமுறைச் செயலிகள் வந்தபோது அது வீட்டுக் கணினிக்கும் இறங்கிவிட்டது. அது இயங்கினால் எஸ்.எஸ்.டி. அதன் பின்னால் மறைந்துகொள்ளும், ஆர்.எஸ்.டி. டிரைவர் இல்லாமல் விண்டோஸால் அதைப் பார்க்க முடியாது. எக்ஸ்பி காலத்தில் எஃப்6 விசையை அமுக்கி, ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் ஏற்றியவர்களுக்கு இது பழைய தலைவலிதான்.

2011-இல் வந்த என்.வி.எம்.இ. தரமோ இந்தத் தலைவலிக்கு மருந்து. எந்தக் கம்பெனி எஸ்.எஸ்.டி. என்றாலும் ஒரே டிரைவர் போதும், விண்டோஸ் 8.1 முதல் அது உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஒற்றை எஸ்.எஸ்.டி. உள்ள புதுக் கணினியில் வி.எம்.டியை அணைப்பது சரியான வேலை. வேகத்தில் கண்ணுக்குத் தெரிகிற இழப்பு இல்லை. அடுத்த முறை விண்டோஸ் போடுகிறவரும் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் அதே கை, அதே பழக்கத்தில், ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலும் அந்த ஸ்விட்சைத் தட்டும்போது என் மனம் பதறுகிறது. ஆர்.எஸ்.டி. டிரைவரை நம்பி ஏறிய விண்டோஸ் மறுநொடி நீலத்திரையில் நின்றுவிடும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்கும் தெரியாது. என் உறவினர் வீட்டுக் கணினியை ஒரு கடையில் கொடுத்தபோது இப்படித்தான் ஸ்விட்சைத் தட்டி நீலத்திரை வந்தது, ஃபார்மட் பண்ணித் திருப்பித் தந்தார்கள். பத்து வருடப் படங்கள் போயின. ஸ்விட்சைப் பழைய நிலைக்குத் திருப்பியிருந்தாலே விண்டோஸ் எழுந்திருக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சேஃப் மோடுக்குச் சொல்லிவைத்து, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்களின் நிலை இன்னும் மோசம். இரண்டு எஸ்.எஸ்.டி.யை ஒரே தொகுப்பாக, அதாவது ரெய்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். வி.எம்.டியை அணைத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்து இரண்டும் தனித்தனி வெற்று டிரைவாகத் தெரியும். விவரம் தெரியாத ஒருவர் அவற்றை 'இனிஷியலைஸ்' செய்துவிட்டால் ஒரு முகூர்த்த மாதத்து உழைப்பு போச்சு.

இன்னொரு குறை, நம் மழையோடு சம்பந்தப்பட்டது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஐப்பசியில் மத்தியானம் கறுத்து இடி முழங்கினால் பிளக்கை உருவிப் போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. பிளக் இல்லாத நேரமெல்லாம் பயாஸின் கடிகாரம் போர்டிலுள்ள வில்லை பேட்டரியில்தான் ஓடுகிறது. மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி தீர்ந்தால் பயாஸ் கம்பெனி அமைப்புக்குத் திரும்பிவிடக்கூடும். பல பிராண்டட் கணினிகளில் அந்த அமைப்பில் வி.எம்.டி. இயங்கும் நிலையில் இருக்கும். வி.எம்.டியை அணைத்து நேற்றுவரை ஓடிய கணினி இன்று எழாது. எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று புதிது வாங்க வைப்பதற்கும் ஆள் உண்டு.

கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார். மேசை டிராயரிலிருந்து மார்க்கர் எடுத்து, கேபினட்டின் உள்மூடியில் "வி.எம்.டி. ஆஃப்" என்று எழுதி, தேதியும் போட்டார். பிறகு பையனைக் கூப்பிட்டு, ஆர்.எஸ்.டி. டிரைவரையும் இறக்கிப் பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு வைக்கச் சொன்னார்.