பல்லைப் பார்க்க விடாத செயலி

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா என்று தெரிந்தால்தான் அது இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்று கணக்குப் போட முடியும். 2025 கோடையில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு டைனஸ்டி ஃபேன்டசி ஃபுட்பால் லீக் தொடங்கினோம்; அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டக்காரர்களை நமக்குள் பங்கிட்டு, அவர்கள் நிஜ ஆட்டங்களில் செய்வதைப் புள்ளியாக்கி ஆடுவது இது. ஆட்டக்காரர்களைப் பங்கிடும் முதல் டிராஃப்ட் இந்தச் செயலியில் மூன்று வாரம் நடந்தது. அந்த மூன்று வாரமும் என்னை வாட்டிய குறை ஒன்றுதான்: ஆட்டக்காரரின் பல்லைப் பார்க்க அது விடவில்லை.

25 சுற்று, சுற்றுக்குச் சுற்று தலைகீழாகத் திரும்பும் ஸ்நேக் வரிசை, ஒவ்வொரு தேர்வுக்கும் எட்டு மணி நேரம், இரவில் நின்றுவிடும் கடிகாரம். இவையெல்லாம் எந்தச் செயலியிலும் இருப்பவை. இதிலும் ஒழுங்காகவே ஓடுகின்றன. 300 தேர்வுகளில் ஒன்றுகூடத் தவறாகப் பதியவில்லை.

வழக்கமான லீக்கில் சீசன் முடிந்ததும் அணி கலைந்துவிடும். டைனஸ்டியில் அப்படியில்லை. எடுத்தவர், நாம் விற்கும்வரை அல்லது விடுவிக்கும்வரை நம்மோடுதான் இருப்பார். ஏப்ரல் மாத என்எஃப்எல் டிராஃப்டில் வரும் புதுமுகங்களான ரூக்கிகளை மட்டுமே ஆண்டுதோறும் புதிதாகப் பங்கிட்டுக்கொள்வோம். ஆகவே தொடக்க டிராஃப்டில் நாம் வாங்குவது ஒருவருக்கு மிச்சமிருக்கும் ஆண்டுகளை. பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகளில் பெரும்பாலோருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டில் கால் தளரத் தொடங்கும். எறியும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் முப்பதுவரை தாக்குப்பிடிப்பார். பந்தை எறியும் குவாட்டர்பேக்கின் ஆயுள் இன்னும் நீளம்; டாம் பிரேடி 45 வயதிலும் ஆடினார்.

இந்தச் செயலியின் பட்டியலிலோ பெயர், அணி, ஓய்வு வாரம், பிறகு தடித்த எழுத்தில் இந்த சீசனில் அவர் எடுக்கக்கூடிய புள்ளிகள். வயது வேண்டுமென்றால் பெயரைத் தொட வேண்டும், அட்டை திறக்கும், அதில் இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும். ஒருவருக்கு இது பெரிய வேலையில்லை. இருபது பேரை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டியவருக்கு இது தண்டனை. வயதுவாரியாக அடுக்கிப் பார்க்கவும் வழியில்லை.

என் முதல் தேர்வு நான்காவது இடத்தில் வந்தது. பூக்கா நகூவாவை எடுத்தேன். 2023 என்எஃப்எல் டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில், 177வது ஆளாகப் போனவர். அந்த ஆண்டே 105 கேட்ச், 1,486 யார்டு என்று ரூக்கிகளுக்கான சாதனையை மாற்றி எழுதினார். அவருக்கு 24 வயது என்பதைச் செயலி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்வரிசைப் பெயர்கள் தீர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஒரே புள்ளிக் கணிப்போடு ஒருவர்கீழ் ஒருவராக நிற்கும் இருவரில் ஒருவருக்கு 23, மற்றவருக்கு 30. திரையில் இருவரும் ஒன்றுதான். நான்காம் சுற்றுக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பெயருக்கு நேரே வயதை நானே எழுதத் தொடங்கினேன்.

ஐந்தாம் சுற்றில், 52வது தேர்வில், அந்த நோட்டும் உதவவில்லை. பகல் முழுவதும் விமானத்தில் இருந்தேன். நான் வரிசையில் போட்டு வைத்திருந்தவர்களை மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். எட்டு மணி நேரம் கடந்ததும் செயலி தானாக ஒருவரை எடுத்துக் கொடுத்தது: டெரிக் ஹென்றி, வயது 31. மகத்தான ஆட்டக்காரர். 2024இல், 30 வயதில், 1,921 யார்டு ஓடியவர். இந்த ஆண்டு கோப்பைக்கு மோதும் அணிக்கு அவர் வரம். மூன்று ஆண்டு கழித்துப் பலன் பார்க்க நான் கட்டிக்கொண்டிருந்த அணிக்கு அவர் பொருந்தவில்லை. லீக்கின் பெயரிலேயே டைனஸ்டி என்று பதிந்திருந்தும், செயலி ஒரு வருடக் கணக்கை வைத்துத்தான் ஆள் பிடித்தது.

இந்தப் பழக்கத்தின் வேர் பழையது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கென்பாக், 1962இல் நியூயார்க் ஹோட்டல் அறையொன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து இந்த விளையாட்டின் விதிகளை வகுத்தார். அடுத்த ஆண்டு ஓக்லண்டில் எட்டு அணிகளோடு முதல் டிராஃப்ட் நடந்தது. அன்று தொட்டு இந்த விளையாட்டின் பெரும்பகுதி ஒரு சீசன் கணக்கிலேயே வளர்ந்திருக்கிறது. செயலியைக் கட்டியவர்களும் அந்தக் கண்ணோடுதான் கட்டியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஒரு சீசன் லீக்குகளை இதில் நிம்மதியாக ஆடியவன் என்பதால்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

இத்தனைக்கும், டைனஸ்டிக்கு வேண்டிய இன்னொன்றை இவர்கள் அழகாகச் செய்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ரூக்கித் தேர்வுகளைக்கூட இப்போதே கைமாற்றலாம். எந்தத் தேர்வு யாருடையது, யாரிடமிருந்து வந்தது என்பதை நிறத்தாலேயே காட்டுகிறது பலகை. ஹென்றியை அதே வாரம், கோப்பையைக் குறிவைத்திருந்த நண்பருக்குக் கொடுத்து, அவருடைய 2026 முதல் சுற்றுத் தேர்வை வாங்கினேன். பேரம் முடிய ஐந்து நிமிடம் ஆகவில்லை.

ஒரு சீசன் லீக்குக்கு இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டைனஸ்டி தொடங்குகிறவர்கள் கூடவே ஒரு நோட்டும் வாங்கி, வரிசையில் எப்போதும் பத்துப் பெயர்களாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2028 தேர்வுகளை யார் வைத்திருக்கிறார்கள் என்று காட்டத் தெரிந்த செயலிக்கு, பெயருக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கம் போடுவது பெரிய வேலையில்லை. போட்ட அன்றைக்கு என் நோட்டை மூடி வைத்துவிடுவேன்.