வடதுருவ ஒளிப் படங்களிற் காலம்: ஒரு விமர்சன நோக்கு

வடதுருவ ஒளியை இடைவெளி விட்டுப் படமெடுத்து அசையும் காட்சியாகத் தொகுப்பது வட நோர்வே, ஐஸ்லாந்து, அலஸ்கா ஆகிய இடங்களிற் பலரது பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. ‘டைம்லாப்ஸ்’ என வழங்கும் இம்முறை பரவலான கவனத்தைப் பெறுவதற்கு, 2011இல் வெளியான தெரியே சோர்யெர்ட்டின் ‘தி ஓரோரா’ என்னும் குறும்படமும் ஒரு காரணமாகும். ரஷ்ய எல்லையை அண்டிய கிர்க்கெனெஸ் சுற்றாடலில், உறையுங் குளிரில், ஒரு வாரகாலம் எடுக்கப்பட்ட படங்கள் அதிற் சில நிமிடங்களாக ஒடுக்கப்பட்டு இசையோடு இணைக்கப்பட்டுள்ளன. அதன் அழகை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும், அழகாயிருக்கிறது என்று கூறியமைவதோடு விமர்சனத்தின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அவ்வழகு எதனைக் கொடுத்துப் பெறப்பட்டது என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும்.

முதலில் இக்கலையின் கணக்கு நோக்கற்பாலது. முக்காலியில் நிறுத்திய கமரா பத்துச் செக்கனுக்கு ஒரு படம் வீதம் எடுப்பதாகவும், ஒவ்வொரு படத்திற்கும் எட்டுச் செக்கன் ஒளி புகவிடப்படுவதாகவும் கொண்டால், ஒரு மணி நேரத்திற் கிடைப்பன 360 படங்கள். செக்கனுக்கு 25 படமாக அவை ஓடும்போது அந்த ஒரு மணி நேரம் 14.4 செக்கனில் முடிந்துவிடுகின்றது. அதாவது வானம் 250 மடங்கு விரைவுபடுத்தப்படுகின்றது. நட்சத்திரங்களுக்கு இதனாற் பெரிய தீங்கில்லை. அவை எப்போதும் ஒரே கதியிற் செல்வன. ஒளியின் நிலை வேறு. 200 கிலோமீற்றருக்கு மேலே தோன்றும் செந்நிறத்தை உமிழ ஒட்சிசன் அணுவுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் வரை செல்லும். எனவே இயல்பிலேயே மந்தமான அந்நிறம் எட்டுச் செக்கனிற் சிதைவதில்லை. சற்றேறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தொடங்கும் பச்சை நிறமோ ஒரு செக்கனுக்குள் உமிழப்படுவது. அதன் கீழ்விளிம்பில் நைதரசன் காட்டும் இளஞ்சிவப்பு அதனினும் விரைவானது. ஒளித்திரையின் மெல்லிய கதிர்கள் கணத்துக்குக் கணம் இடம்பெயர்வன. எட்டுச் செக்கனில் அவை ஒன்றோடொன்று கலந்து பச்சைக் குழம்பாகிவிடுகின்றன. பின்னிரவிற் சில செக்கன்களுக்கொருமுறை மின்னியும் மங்கியும் துடிக்கும் ஒளித்திட்டுக்கள் அறவே மறைந்துபோகின்றன. ‘என்ன வேகமான நடனம்!’ என வியக்கும் பார்வையாளர் காண்பது, மெதுவானது விரைவாக்கப்பட்டும் விரைவானது அழிக்கப்பட்டும் உருவான ஒரு நடனத்தையாகும்.

இப்படங்களைக் குறைகூறுவோர் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே பேசுவர். மங்கிய ஒளி வெறுங்கண்ணுக்குச் சாம்பல் படிந்த வெண்மையாகவே தோன்றும், கமரா அதனை மரகதமாக்கிவிடுகின்றது என்பது அவர்களது வாதம். இது உண்மையேயெனினும் இரண்டாந்தரமான குற்றச்சாட்டாகும். டென்மார்க்கின் ஆய்வுக்குழுவோடு 1899இல் ஐஸ்லாந்தின் அக்குரேய்ரிக்குச் சென்ற ஓவியர் ஹரால்ட் மொல்ற்கே, இரவிற் கண்டதைக் கோடுகளாற் குறித்துக்கொண்டு பகலில் வண்ணந் தீட்டினார். நினைவிலிருந்து எழுந்த அந்நிறங்களைப் பொய்யென எவரும் ஒதுக்குவதில்லை. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றது தொல்காப்பிய மரபு. இப்படங்கள் நிலத்தைப் பேணுகின்றன. பனியும் ஊசியிலை மரமும் ஏரியும் உள்ளவாறே உள்ளன. பழுது நேர்வது பொழுதிலேயாம்.

காலத்தை ஒடுக்குவதே தவறென்பது இதன் கருத்தன்று. 1957–58 சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டில், முழு வானையும் ஒரே வட்டத்துள் அடக்கும் கமராக்கள் வடபுலமெங்கும் நிறுவப்பட்டு, பொதுவாக நிமிடத்துக்கு ஒரு படம் என எடுத்துக் குவித்தன. பொழுதுபோக்காளரின் இடைவெளியிலும் இது பன்மடங்கு பெரியது. அழகைப் பற்றிய நினைப்பும் எவர்க்கும் இருக்கவில்லை. அப்படங்களை ஆராய்ந்தே அலஸ்காவிற் பணியாற்றிய சியூன்-இச்சி அக்காசோபு 1964இல் வடதுருவ ஒளியின் உட்புயல் என்னும் வடிவத்தை வெளிப்படுத்தினார். அமைதியாகக் கிடக்கும் ஒளிவிற்களுள் தெற்கோரத்தது திடீரெனச் சுடர்கின்றது. வடக்கு நோக்கிப் பொங்கிப் பரவுகின்றது. பின்னர் திட்டுக்களாக உடைந்து மீண்டும் அமைதிக்குத் திரும்புகின்றது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை நீளும் இந்நிகழ்ச்சியின் முழு உருவம், ஓரிடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு அகப்படாதது. காலத்தை ஒடுக்கியதாலேயே அது புலனாயிற்று. ஆனால் அக்கமராக்கள் எதனையும் தெரிந்தெடுக்கவில்லை என்பதே இங்கு முக்கியமானது. வெறுமையான நிமிடங்களும் அவற்றிற் பதிவாயின. பொங்குதலின் பொருள் அந்த வெறுமையாலேயே விளங்கிற்று.

பொழுதுபோக்காளர் வெட்டியெறிவது சரியாக அவற்றையே. வெவ்வேறு இரவுகளின் பொங்குகணங்கள் மட்டும் பொறுக்கப்பட்டு, இசை உயருமிடத்தில் ஒட்டப்படுகின்றன. எது எந்த இரவு, இடைவெளி எவ்வளவு என்ற குறிப்பும் பல வேளைகளில் இருப்பதில்லை. விடியவிடிய நடந்த கூத்தொன்றின் போர்க்காட்சிகளை மட்டும் கோத்து அதுவே கூத்தெனக் காட்டுவதற்கு இது ஒப்பாகும். உல்லாசப் பயண விளம்பரங்கள் அவ்வாறு செய்வதில் வியப்பில்லை. விற்பவனுக்கு உச்சம் மட்டுமே தேவை. விற்க எதுவுமில்லாத, எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத ஒருவர் ஏன் விளம்பரத்தின் இலக்கணத்தைத் தாமாகவே பூண வேண்டும்?

2011இல் ஒரு நியாயம் இருந்தது. மங்கிய ஒளியை உள்ளபடியான வேகத்திற் பதியும் ஆற்றல் எளிதிற் கிடைக்கும் கமராக்களுக்கு அன்று இருக்கவில்லை; இடைவெளி ஒரு நிர்ப்பந்தமாயிருந்தது. 2014இல் சொனி ஏ7எஸ் போன்ற கருவிகள் வந்தபின் அந்நிலை மாறிவிட்டது. அன்று நிர்ப்பந்தமாயிருந்தது இன்று தெரிவாகியுள்ளது. தெரிவுக்கு விளக்கம் கேட்கப்படுவது இயல்பே. நாற்பது நிமிடம் அசையாது கிடந்த ஒளிவில் ஒன்று, பத்துச் செக்கன் இடைவெளியில் எடுக்கப்படின், திரையில் 9.6 செக்கன் மட்டுமே நிற்கும். அதனையும் தாங்கும் பொறுமையுள்ள படங்கள் மிகச் சிலவே.