அப்பத்தாவைத் திருத்திய சிவப்பு மை

லீவுக்குத் திருக்கோஷ்டியூர் வந்திருந்த தங்கச்சி மகளோட நோட்டைப் புரட்டிக்கிட்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பு. பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதியது. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் யாரும் சொல்லாமல் அவளே எழுதியது: 'அபத்தா செதுபோச்சு'. அவளுடைய அப்பாவைப் பெற்றவர் தை மாதம் காலமானார்.

கீழே சிவப்பு மையில், 'பாட்டி இறந்துவிட்டார்'. அதற்கும் கீழே அதே வாக்கியம் ஐந்து தடவை, அவள் கையெழுத்தில். ஐந்திலும் ஒரு பிழைகூட இல்லை.

எந்தப் பள்ளி என்பதை விட்டுவிடலாம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டிலும் இந்த மாதிரி நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பிழையைத் திருத்துவது தன் வேலை என்று நினைத்திருக்கிறார். என் கேள்வி வேறு. ஒன்றாம் வகுப்பில் 'எழுதுதல்' என்று நாம் எதைச் சொல்கிறோம்?

கொரோனா காலத்துக் கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு, அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்காக இருந்தது. வயசைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும், பாட்டு, கதை, பொம்மலாட்டத்தை வகுப்புக்குள் கொண்டுவந்ததும் உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் நிலையை அளக்க மதிப்பீடு வேண்டும், மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும். அந்தச் சுமையைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் பல தடவை சொல்லிவிட்டன. எழுத்தை அடையாளம் காண்கிறதா, சொல்லைப் படிக்கிறதா என்பதைக் கட்டத்தில் குறிக்கலாம். ஒரு பிள்ளை தானாக ஒரு வரி எழுதியதற்குக் கட்டம் எங்கே போடுவது? கட்டம் இல்லாதது மெதுவாக வகுப்பிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல்.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் 'டைகுளோசியா' என்று எழுதியது இந்த இரட்டை வழக்கைப் பற்றித்தான். எங்க சிவகங்கைப் பக்கம் 'அப்பத்தா வந்துச்சு', 'அப்பத்தா வையும்' என்றுதான் சொல்வோம். அது மரியாதைக் குறைவு இல்லை, மடியில் உட்கார்ந்த பழக்கம். 'பாட்டி', 'விட்டார்' என்று மாற்றியதும் இலக்கணம் சரியாகிவிட்டது, ஆனால் அந்த வரியில் இருந்த ஆள் போய்விட்டார். எழுத்துத் தமிழ் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புக்குள் தாராளமாக வந்துவிடும். ஆறு வயசில், அதுவும் இந்த வரியில், அதற்கு என்ன அவசரம்?

அவளுடைய பிழைகளையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். விட்டதெல்லாம் ப், த் என்ற புள்ளி எழுத்துகள். இரட்டிக்கும் மெய்யைப் பிரித்து எழுதுவது தமிழில் தொடக்கத்தில் கஷ்டமான இடம். ஆனால் 'போச்சு'வில் ச் சரியாக வந்திருக்கிறது. அதாவது பிள்ளை காதால் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள், பாதி வழி வந்துவிட்டாள். பார்த்து எழுதிய ஐந்து வரியில் இந்தத் தகவல் எதுவுமே கிடையாது.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், தன் 'டீச்சர்' (1963) புத்தகத்தில் எழுதிய முறை ரொம்ப எளிது. இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பார். பயம், பாசம், சண்டை என்று அவர்கள் வாழ்க்கையிலிருந்து சொற்கள் வரும். அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் அடையாளம் தெரியாத சொல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார், அது அந்தப் பிள்ளைக்கு முக்கியமான சொல் இல்லை என்று. அவரிடம் வாசிப்புக்குத் தனி நேரம், மனசுக்குத் தனி நேரம் கிடையாது. நாமோ உணர்ச்சி வளர்ச்சி என்று ஆவணங்களில் தனித் தலைப்பு போடுகிறோம், நோட்டில் அது தானாக வந்து நிற்கும்போது அடித்துத் திருத்துகிறோம். ராமானுஜர் கோபுரத்தில் ஏறி எட்டெழுத்தை எல்லாருக்கும் சொன்ன ஊர் என்று நாங்கள் பெருமை பேசுவோம். எழுத்தைக் கொடுத்தால் போதுமா என்று இப்போது சந்தேகம் வருகிறது.

அன்றைக்கு ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 'அப்பத்தா' என்று பெரிசாக எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்தாள். "இங்க ஒரு ப் இருக்கு மாமா, நான் விட்டுட்டேன்" என்றாள். அடுத்து என்ன எழுதலாம்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மிஸ் பார்ப்பாங்களா?"

இல்லைன்னேன். பென்சிலை எடுத்துக்கிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன எழுதினாள் என்று எனக்கும் காட்டவில்லை.